படகு, வீடு, மீன்

முதுமையோடு வாழ்தல் – 11

"மூண்டு சொல்லுச் சொல்லுறன் அம்மா, கவனமாக் கேளுங்கோ. படகு, வீடு, மீன். இப்ப ஒருக்காத் திருப்பிச் சொல்லுங்கோ. கொஞ்ச நேரத்தால திரும்பவும் கேட்பன்."

கொட்டியாரக் குடாவின் தென்கரையில், மூதூருக்கு அருகே இருக்கும் கட்டைபறிச்சானில் மறதிநோய் ஆய்வு ஒன்று நடந்தால், ஏதோ ஒரு வீட்டுத் திண்ணையில் இப்படிப்பட்ட பேச்சுத்தான் கேட்கும். ஆய்வு என்றதும் ஊசியையும் மாத்திரையையும் நினைத்துப் பயப்படுகிறவர்கள் பலர். ஆனால் உலகெங்கும் நினைவாற்றல் ஆய்வுகளில் சேர்ந்தவர்களில் பலர் கொடுத்தது தங்கள் பதில்களையும் ஒன்றிரண்டு மணி நேரத்தையும்தான்.

அடுத்து வரும் கேள்விகளும் எளியவை. சுத்தியலால் என்ன செய்வோம்? பாலம் என்றால் என்ன? மருந்து வாங்க எங்கே போவோம்? முதலில் யன்னலைக் காட்டுங்கள், பிறகு கதவைக் காட்டுங்கள். இறால்பாலத்தால் நாளாந்தம் போய்வந்த ஒருவர் பாலம் என்றால் என்னவென்று சொல்லப் பள்ளிக்கூடம் போயிருக்க வேண்டியதில்லை.

கேள்விகளை அமைத்தவர்களின் எண்ணமும் அதுவே. அமெரிக்காவின் இந்தியானா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ஹியூ ஹென்ட்ரி, கேத்லீன் ஹால் ஆகியோரின் குழு முதலில் கனடாவின் கிரீ பழங்குடியினரிடமும், பின்னர் நைஜீரியாவின் இபாடான் நகரிலும் இந்தச் சோதனையை நடத்திப் பார்த்தது. அதுவரை உலகம் அதிகம் பயன்படுத்தியது 1975இல் வெளியான ஃபோல்ஸ்டைன் சோதனை. அதில் நூறிலிருந்து ஏழேழாகக் கழிக்கச் சொல்வார்கள். எழுதியிருப்பதை வாசிக்கச் சொல்வார்கள். ஒரு வசனம் எழுதச் சொல்வார்கள். எழுத்தறியாத ஒரு மூதாட்டி இதில் தோற்றால் தோற்கடித்தது நோயா, அவருக்குக் கிடைக்காமல் போன பள்ளிக்கூடமா என்று பிரித்தறிய முடியாது.

படகு, வீடு, மீன் சோதனை தமிழர்களின் வாசலுக்கும் வந்திருக்கிறது. 1998இல் கொச்சியில் கூடிய ஆய்வாளர்கள் '10/66' என்ற பெயரில் ஒரு குழுவை அமைத்தார்கள். அப்போதைய கணக்கின்படி, மறதிநோய் உள்ளவர்களில் 66 சதவீதமானோர் வளரும் நாடுகளில் வாழ்ந்தார்கள். மக்களிடையே நடந்த ஆய்வுகளிலோ 10 சதவீதம்கூட அவர்களைப் பற்றியதாக இருக்கவில்லை. இந்த அநியாயத்தையே அவர்கள் பெயராக வைத்துக்கொண்டார்கள். கியூபா, சீனா, பெரு போன்ற நாடுகளோடு தமிழ்நாட்டில் சென்னை நகரமும் வேலூர்க் கிராமங்களும் தேர்வாயின. சென்னையிலும் வேலூரிலும் 65 வயதைக் கடந்த ஏறத்தாழ ஆயிரம் பேர் வீதம் பதில் சொன்னார்கள்.

அந்த மூன்று சொற்களோடு பத்துச் சொற்கள் கொண்ட இன்னொரு பட்டியலையும் நினைவில் வைக்கச் சொன்னார்கள். அதன் தேர்விலும் கவனம் எடுத்தார்கள். மூலப் பட்டியலிலிருந்த மரக்குடில், கம்பம், எஞ்சின், கடற்கரை ஆகியவை எல்லா நாட்டுக்கும் பொருந்தாது என்று நீக்கப்பட்டு, மூலை, கல், புத்தகம், தடி என்பவை சேர்க்கப்பட்டன. பிறந்த தேதி தெரியாதவர்களின் வயதை ஊரறிந்த நிகழ்வுகளை வைத்துக் கணித்தார்கள். இந்த முறை கட்டைபறிச்சானுக்கும் நன்றாகவே பொருந்தும். 1964 டிசம்பரில் திருகோணமலையைத் தாக்கிய புயல், 1990 இடப்பெயர்வு, 2004 ஆழிப்பேரலை, 2006 யுத்தம் என்று இந்தக் கரையோரத்துக்கென்றே ஒரு நாட்காட்டி இருக்கிறது. "புயலுக்கு நான் கைப்பிள்ளைக்காரி" என்று ஒருவர் சொன்னால் வயதைக் கணித்துவிடலாம்.

2008இல் லான்செட் இதழில் முடிவுகள் வந்தன. வழக்கமான மனநல மருத்துவ அளவுகோலின்படி கியூபாவில் முதியவர்களில் 6.3 சதவீதமானோருக்கு மறதிநோய். வேலூர்க் கிராமங்களில் வெறும் 0.3 சதவீதம். நம் கிராமத்து முதியவர்களை மறதி அண்டாது என்று இதை வைத்து மகிழ்ந்துவிட முடியாது. அந்த அளவுகோலின்படி நோய் என்று சொல்ல, நினைவு குறைவதும் அன்றாட வாழ்வு பாதிக்கப்படுவதும் தெரியவர வேண்டும். அதைக் கவனித்துச் சொல்லவேண்டியவர்கள் வீட்டார். மகள் சோறு போட்டுக் கொடுக்கிறாள், மருமகள் குளிக்க வார்க்கிறாள், பேரன் கையைப் பிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறான். முதியவரால் தனியாக எது முடியவில்லை என்பதே வெளியில் தெரிவதில்லை. கேட்டால், "ஆச்சிக்கு அறளை பேந்திட்டுது, வயசுதானே" என்பதோடு பேச்சு முடிந்துவிடும். முதியவரின் பதில்களையும் குடும்பத்தவர் சொல்வதையும் சேர்த்துக் கணித்த 10/66 முறையிலோ ஊருக்கு ஊர் இருந்த இடைவெளி பெருமளவு குறைந்தது.

ஆகவே இத்தகைய ஆய்வில் பங்கெடுப்பவர்கள் எப்போதும் இருவர். மூன்று சொல்லையும் திருப்பிச் சொல்பவர் ஒருவர். "அம்மா போன மாதம் அடுப்பில் உலையை வைத்துவிட்டு மறந்துவிட்டா, சொந்த வளவுக்கே வழி தெரியாமல் நின்றா" என்று மறைக்காமல் சொல்லும் மகள் மற்றவர். ஊர் என்ன நினைக்குமோ என்று அவள் வாயை மூடிக்கொண்டால் கணக்குத் தவறிவிடும்.

இலங்கையில் ராகமையில் 65 வயதுக்கு மேற்பட்ட 703 பேரிடம் நடந்த ஆய்வு 2003இல் வெளியானது. நூற்றுக்கு ஏறத்தாழ நான்கு பேருக்கு மறதிநோய் இருந்தது. பெறுமதியான ஆய்வுதான். ஆனால் கொழும்புக்கு அருகிலுள்ள ஒரு சிறுநகரத்தின் கணக்கை அப்படியே மூதூருக்கு எடுத்துவர முடியாது. 2006இல் சம்பூரை விட்டு விரட்டப்பட்ட குடும்பங்கள் கட்டைபறிச்சான் முகாமில் ஆண்டுக்கணக்காக வாழ்ந்தன. 2015, 2016இல்தான் பலருக்குச் சொந்த மண் திரும்பக் கிடைத்தது. 2024இல் லான்செட் ஆணைக்குழு தவிர்க்கக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. அவற்றைச் சரிசெய்தால் மறதிநோயில் 45 சதவீதம்வரை தடுக்கவோ தள்ளிப்போடவோ முடியும் என்றது. இடையில் நின்ற படிப்பு, மனச்சோர்வு, தனிமை, கவனிக்கப்படாத நீரிழிவு, உயர் இரத்த அழுத்தம், செவிப்புலன் குறைவு, சிகிச்சை பெறாத பார்வைக் குறைவு ஆகியன அந்தப் பட்டியலில் உண்டு. முகாம் வாழ்க்கை ஒரு தலைமுறைக்கு இவற்றில் எத்தனையைக் கொடுத்திருக்கும்? ராகமைக்காரர்களால் இதற்குப் பதில் சொல்ல முடியாது. அனுபவித்தவர்கள்தான் சொல்ல வேண்டும்.

நோய் வந்தபிறகுதான் ஆய்வில் சேரலாம் என்றும் இல்லை. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில், மாம்பழத்துக்குப் பேர்போன சீனிவாசபுரத்துக் கிராமங்களில் 2018 முதல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தின் மூளை ஆய்வு மையம் ஓர் ஆய்வை நடத்துகிறது. 45 வயது கடந்த, மறதிநோய் இல்லாத 10,000 பேரைச் சேர்த்து நீண்டகாலம் தொடர்வதே இலக்கு. இரத்தம் எடுக்கிறார்கள், மூளையை ஸ்கான் செய்கிறார்கள், நினைவுச் சோதனை வைக்கிறார்கள். இன்று நலமாக இருப்பவர்களைப் பின்தொடர்ந்தால்தான் யாருக்கு, எப்போது, ஏன் மறதி தொடங்குகிறது என்பது பிடிபடும்.

சேர்ந்தவருக்கே பலன் கிடைக்கும் என்று யாரும் வாக்குக் கொடுக்க முடியாது. கொலம்பியாவின் அந்தியோக்கியா மலைநாட்டில் ஒரே மரபணுக் கோளாறால் நாற்பதுகளிலேயே நினைவிழக்கும் பெருங்குடும்பங்கள் உள்ளன. வைத்தியர் பிரான்சிஸ்கோ லோபேரா 1980களிலிருந்து 2024இல் இறக்கும்வரை அவர்களோடேயே இருந்தார். அந்தக் குடும்பங்களைச் சேர்ந்த 252 பேர் கிரெனெசுமாப் என்ற மருந்தின் சோதனையில் பங்கேற்றார்கள். 2022இல் வந்த முடிவு: தெளிவான பலன் இல்லை. அதே குடும்பங்களில் ஒரு பெண்ணுக்கோ அந்தக் கோளாறு இருந்தும் எழுபது வயது கடக்கும்வரை நினைவு மங்கவில்லை. அவரைக் காத்தது இன்னொரு அரிய மரபணு மாற்றமாக இருக்கலாம் என்று 2019இல் வெளியான கட்டுரை புதிய மருந்துகளுக்கு வழிகாட்டியது. அவர் ஆய்வுக்கு வராதிருந்தால் அது தெரிந்திருக்காது.

இவ்வளவையும் கொடுக்கிறவர்களுக்கு உரிமைகளும் உண்டு. விளக்கம் தமிழில், புரியும்படி சொல்லப்பட வேண்டும். எழுதத் தெரியாதவர் கைநாட்டு வைக்கும்போது ஆய்வைச் சாராத சாட்சி ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும். எந்த நேரத்திலும் விலகலாம். அதனால் வழக்கமான சிகிச்சை ஒரு துளியும் குறையக்கூடாது. நினைவு மிகவும் மங்கியவருக்காகக் குடும்பத்தவர் ஒப்பம் வைக்கலாம். ஆனாலும் அவர் தலையை அசைத்து மறுத்தால் அங்கேயே நிறுத்த வேண்டும். மருந்துச் சோதனை என்றால், இலங்கை மருத்துவச் சங்கம் 2006இல் தொடங்கிய மருந்துச் சோதனைப் பதிவேட்டில் அது பதிவாகியுள்ளதா என்று வீட்டார் கேட்கலாம்.

இன்னும் இரண்டைக் கேட்டே ஆகவேண்டும். மறதி இருப்பது சோதனையில் தெரியவந்தால் அடுத்த நாள் அந்த அம்மாவை எந்த வைத்தியசாலைக்கு, யாரிடம் அனுப்புவார்கள்? ஆய்வு முடிந்தபின் முடிவை ஊருக்கு வந்து தமிழில் சொல்வார்களா? இவ்விரண்டுக்கும் நேரான பதில் தருகிற குழுவுக்குக் கட்டைபறிச்சான் தாராளமாகக் கதவைத் திறக்கலாம்.

அடுத்த வாரம்: மறதிநோய் உள்ளவரை இரவில் பார்த்துக்கொள்பவரின் தூக்கம்.

(தொடரும்)