சொடக்குப் போட்டால் முதுகுவலி போகுமா?

சங்கத்தின் மாதக் கூட்டம் முடிந்து காபிக்கு நிற்கும்போது கவனித்துப் பாருங்கள். பாதிப் பேர் இடுப்புவலியைப் பற்றிப் பேசுவார்கள், மீதிப் பேர் கழுத்துவலியை. அந்தப் பேச்சில் இப்போது 'கைரோபிராக்டிக்' என்ற புதுச் சொல் சேர்ந்திருக்கிறது. கைப்பேசியில் வரும் படங்களில் ஒருவர் நோயாளியின் கழுத்தைச் சட்டென்று திருப்புகிறார். 'சடக்' என்று சத்தம். நோயாளி எழுந்து சிரிக்கிறார். இதைப் பார்த்துவிட்டுப் பன்னிரண்டு ஸிட்டிங்குக்கு மொத்தமாகப் பணம் கட்டியவர்கள் நம்மிடையே உண்டு. நான் டாக்டர் அல்ல, ரயில்வேயில் தண்டவாளத்தோடு பழகியவன். படித்தும் டாக்டர்களிடம் கேட்டும் தெரிந்துகொண்டதை எழுதுகிறேன்.

1895-ல் அமெரிக்காவில் அயோவா மாநிலத்து டேவன்போர்ட் நகரில் டி.டி. பால்மர் தொடங்கிய வைத்தியம் இது. காது மந்தமான ஒரு துப்புரவுத் தொழிலாளியின் முதுகெலும்பை அழுத்தியதும் அவருக்குக் காது கேட்டது என்பது பால்மர் சொன்ன கதை. முதுகெலும்பு பிசகுவதே பெரும்பாலான நோய்களுக்கு மூலம் என்று அவர் கொள்கை வகுத்தார். லைசென்ஸ் இல்லாமல் வைத்தியம் செய்ததற்காக 1906-ல் சிறைக்கும் போனார். இன்று அமெரிக்காவின் எல்லா மாநிலங்களிலும் இதற்குச் சட்ட அங்கீகாரம் உண்டு. ஆனால் பிசகல்தான் நோய்க்குக் காரணம் என்பதற்கு ஆராய்ச்சி ஆதாரம் இல்லை என்று பிரிட்டனில் இத்தொழிலை நெறிப்படுத்தும் கவுன்சிலே 2010-ல் சொல்லிவிட்டது. ஆகவே சர்க்கரை, ஆஸ்துமா, தைராய்டு எல்லாம் குணமாகும் என்று போர்டு போட்டிருந்தால் வாசலோடு திரும்பிவிடலாம். நம் நாட்டில் இதற்கென்று தனிக் கவுன்சில் கிடையாது. எதிரே நிற்பவர் எங்கே, எத்தனை வருஷம் படித்தார் என்பதை நாம்தான் கேட்க வேண்டும்.

நமக்கு இது முற்றிலும் புதிதும் அல்ல. ஊரில் எண்ணெய் போட்டுச் சுளுக்கு வழிக்கிற பாட்டிகள் இருந்தார்கள். எலும்பு முறிந்தால் புத்தூர் கட்டுக்கு ஓடினோம். இங்கே மராட்டியர்களிடம், பிறக்கும்போது கால் முதலில் வெளிவந்தவரைப் 'பாயாளு' என்று அழைத்து, அவர் காலால் தட்டினால் முதுகுப் பிடிப்பு விடும் என்ற நம்பிக்கை உண்டு. பாயாளு பன்னிரண்டு ஸிட்டிங் கேட்பதில்லை!

அந்தச் சத்தம் எலும்பு இடத்தில் போய் உட்காரும் சத்தம் அல்ல. மூட்டுக்குள் இருக்கும் திரவத்தில், மூட்டு சட்டென்று விலகும்போது வாயு இடைவெளி உண்டாவதால் வருவது. விரலில் சொடக்கு எடுப்பதும் இதேதான். அமெரிக்க டாக்டர் ஒருவர் ஒரு கை விரல்களில் மட்டும் அறுபது வருஷம் சொடக்கு எடுத்து, இரண்டு கைகளிலும் மூட்டுவாதம் வரவில்லை என்று எழுதி, 2009-ல் நகைச்சுவையான 'இக் நோபல்' பரிசு வாங்கினார். வேலை மெனக்கெட்ட மனிதர்.

எங்கள் தொழிலில், லைன் கோணினால் கேங்மேன்கள் கடப்பாரை போட்டு நேராக்கிவிடுவார்கள். அடியில் ஜல்லி பாக்கிங் சரியில்லை என்றால் சில நாளில் பழையபடி கோணிவிடும். முதுகுக்கு ஜல்லி என்பது அதைச் சுற்றியுள்ள தசைகள். கையால் அழுத்தி எடுக்கும்போது பிடிப்பு தளர்ந்து, வலி கொஞ்ச நாள் குறையலாம். நடையும் பயிற்சியும் இல்லாவிட்டால் அது நிற்காது. உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பரில் நாட்பட்ட இடுப்புவலிக்கு வெளியிட்ட நெறிமுறைகளும் ஏறக்குறைய இதைத்தான் சொல்கின்றன. உடற்பயிற்சி, வலியைப் பற்றிய விளக்கம், மனப்பயிற்சி இவற்றோடு முதுகெலும்பைக் கையால் அசைக்கும் சிகிச்சையும் மசாஜும் அந்தப் பட்டியலில் உண்டு. நம்மில் பலர் அலமாரியில் வைத்திருக்கும் இடுப்பு பெல்ட்டும், எடை கட்டி இழுக்கும் டிராக்ஷனும் வேண்டாதவற்றின் பட்டியலில்!

ஆனால் எந்த வலி என்று தெரியாமல் கை வைக்கக் கூடாது. என்னோடு வேலை பார்த்த ஒருவருக்கு மூன்று மாதமாக முதுகுவலி. வயதானால் வருவதுதானே என்று சொடக்கு சிகிச்சைக்கு நாள் குறித்திருந்தார். "மாமா, தினமும் சாயங்காலம் உங்களுக்கு உடம்பு சுடுகிறது, சட்டையும் தொளதொளவென்று ஆகிவிட்டது. முதலில் ஆஸ்பத்திரிக்குப் போகலாம்" என்று மருமகள் பிடிவாதமாக அழைத்துப் போனாள். எம்.ஆர்.ஐ.யில் முதுகெலும்பில் காசநோய் என்று தெரிந்தது. அரித்துப்போன எலும்பை யாராவது முறுக்கியிருந்தால் கால்கள் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. ஒரு வருஷத்துக்கு மேல் மருந்து சாப்பிட்டார். இப்போது காய்கறிப் பையைத் தானே தூக்கி வருகிறார்.

வலியோடு காய்ச்சல், எடை குறைதல், காலில் பலமின்மை, உட்காரும் இடத்தில் மரத்துப்போதல், சிறுநீர் அடக்க முடியாமை, பழைய புற்றுநோய் என்று எது இருந்தாலும் முதலில் டாக்டர்தான். எலும்புத் தேய்மானம் உள்ள பெண்களும் அப்படியே. கழுத்துக்கு இன்னும் ஜாக்கிரதை தேவை. மூளைக்கு ரத்தம் கொண்டுபோகும் இரண்டு குழாய்கள் கழுத்தெலும்புகளின் துளைகள் வழியாகத்தான் ஏறுகின்றன. வேகமாகத் திருப்பும்போது அவற்றின் உட்சுவர் கிழிந்து பக்கவாதம் வருவது அபூர்வம், ஆனால் வந்திருக்கிறது.

படித்தவரின் கையிலேயே இப்படி என்றால், முடிவெட்டி முடித்துத் தலையைத் தட்டிவிட்டு, நாம் கேட்காமலே கழுத்தைத் திருப்பும் சலூன்காரரை என்ன சொல்வது? நாற்காலியில் உட்காரும்போதே, 'கர்தன் மத் மோட்னா பாயி' என்று சொல்லிவிடுங்கள். தலைக்கு எண்ணெய் தேய்ப்பதற்குத் தடையில்லை.