கதிர்ச் சிகிச்சையும் உயிரணுக்களின் கட்டளையும்

வாயிலோ தொண்டையிலோ தோன்றிய புற்றுநோய்க்குக் கதிர்ச் சிகிச்சை பெறுவோர், நான்காம் வாரமளவில் ஒரு கேள்வி கேட்பதுண்டு. "கட்டி சுருங்கிவிட்டது, வாயெல்லாம் புண்ணாகிக் கஞ்சியும் இறங்கவில்லை. சில நாள் ஊருக்குப் போய்வந்து எஞ்சியதை முடித்துக்கொள்ளலாகாதா?" சொந்த ஊரை விட்டு மும்பையிலும் தில்லியிலும் வாழும் நமக்கு இவ்வெண்ணம் எழுவது இயல்பே. ஆனால் அதற்குரிய விடை கட்டியின் உள்ளே இருக்கிறது.

உயிரணு தானாகப் பெருகுவதில்லை. பெருகுமாறு கட்டளை வரவேண்டும். கட்டளையைக் கொணர்வது வளர்ச்சிக் காரணி என்னும் சிறு புரதம். அணுவின் மேற்பரப்பில் நின்று அதனை வாங்கிக்கொள்வது ஏற்பி என்னும் மற்றொரு புரதம். அமெரிக்க அறிஞர் ஸ்டான்லி கோஹென், எலியின் உமிழ்நீர்ச் சுரப்பிச் சாற்றைப் பிறந்த எலிக்குஞ்சுகளுக்குச் செலுத்தியபோது, அவை உரிய நாளுக்கு முன்னரே கண் திறந்தன! அச்சாற்றிலிருந்தே அவர் மேல்தோல் வளர்ச்சிக் காரணியைப் பிரித்தெடுத்தார். 1986இல் நோபல் பரிசில் பங்கு பெற்றார். அக்காரணிக்குரிய ஏற்பி, தலை, கழுத்துப் புற்றுகளில் மிகப் பெரும்பாலானவற்றில் அளவுக்கு மிஞ்சிக் காணப்படுகிறது.

கதிர், அணுவின் மரபுச் சரட்டை அறுத்து அதனைக் கொல்கிறது. ஆயின் சாகாது தப்பிய அணுக்களிலோ, வளர்ச்சிக் காரணி வராத நிலையிலும், அதே கதிர் ஏற்பியை எழுப்பிவிடுகிறது. பழுதைச் சீர்செய்யவும் பெருகவும் கட்டளை உள்ளே செல்கிறது. சிகிச்சை தொடங்கி ஏறத்தாழ நான்கு வாரமானபின், வெளியே கட்டி சுருங்கிவரும் அந்நாட்களிலேயே, எஞ்சிய அணுக்கள் முன்னிலும் விரைந்து பெருகுகின்றன. ஏற்பியின் விழிப்பும் அதற்கொரு காரணம். இடையில் தவறும் ஒவ்வொரு நாளுக்கும், நோய் அடங்கும் வாய்ப்பு ஏறத்தாழ நூற்றுக்கு ஒன்று வீதம் குறைவதாக மருத்துவர் கணக்கிட்டுள்ளனர்.

ஏற்பியின் வாயையே அடைத்தால் என்ன? செடுக்சிமாப் என்னும் மருந்து அதனைத்தான் செய்கிறது. 2006இல் வெளியான ஆய்வில் 424 நோயாளிகள் பங்கு கொண்டனர். கதிர் மட்டும் பெற்றோரின் இடைநிலை ஆயுள் 29 மாதம். மருந்தும் சேர்த்துப் பெற்றோருக்கு 49 மாதம். தோலிலும் இவ்வேற்பி இருப்பதால், இம்மருந்து பெறுவோர் முகத்தில் பரு போன்ற தடிப்பு எழும். எனினும் கதிரோடு சிஸ்பிளாட்டினும் பெறுவோருக்கு இதனைச் சேர்த்ததால் கூடுதல் பயன் விளையவில்லை என 2014இல் தெரிந்தது. அணுவுக்குக் கட்டளை செல்லும் வழி ஒன்றல்லவே! மும்பை டாட்டா நினைவு மருத்துவமனை, இவ்வினத்தைச் சேர்ந்த நிமோடுசுமாப் என்னும் மருந்தை 536 பேரிடம் ஆராய்ந்து 2019இல் முடிவை வெளியிட்டது. ஈராண்டுவரை நோய் முற்றாதிருந்தோர் நூற்றுக்கு 50இலிருந்து 62 ஆயினர். ஆயுள் நீண்டதென்று மட்டும் உறுதியாகவில்லை.

இம்மருந்துகள் எல்லோருக்கும் உரியனவல்ல, விலையும் மிகுதி. ஏழு வாரமும் எந்த ஊரில் தங்குவது, உடனிருப்பவர் யார் என்பதைச் சிகிச்சையின் முதல் நாளுக்கு முன்பே முடிவு செய்துகொள்வது எவர்க்கும் இயலும். உணவு இறங்காவிடில் மூக்குவழியே குழாயிட்டு ஊட்டுவார்கள். அதற்கு அஞ்ச வேண்டியதில்லை. எந்திரம் பழுதுற்று ஒருநாள் தவறினால் மருத்துவரிடம் கேளுங்கள். பின்னொரு நாளில் குறைந்தது ஆறு மணி இடைவெளியில் இருமுறை கதிர் செலுத்தி ஈடுசெய்ய வழியுண்டு.