பாஸ்வேர்டு மாத்தியாச்சு... ஆனா ஃபார்வர்டிங்? கணினியில் உடனே பார்க்க வேண்டிய 3 செட்டிங்ஸ்!

கணினியில் ஏதோ ஒரு தளத்தைத் திறக்கிறோம். "கேமராவைப் பயன்படுத்தலாமா?" என்று சின்னதாக ஒரு பெட்டி வருகிறது. அவசரத்தில் 'அலோ' என்று அழுத்திவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அதோடு அந்த விஷயத்தை நாம் மறந்துவிடுவோம். ஆனால் கணினி மறக்காது.

பிரவுசர், இமெயில், வீடியோ மீட்டிங் என தினமும் பயன்படுத்தும் மூன்று இடங்களிலும் இதே கதைதான். எப்போதோ கொடுத்த அனுமதி அப்படியே இருக்கிறது. அதை எங்கே பார்ப்பது, எப்படி எடுப்பது? மொபைலில் இதைப் படித்துக்கொண்டே பக்கத்தில் உள்ள கணினியில் செய்து பார்க்கலாம்.

கேமராவுக்கு 'அலோ' சொல்ல வைத்த 2020

கொரோனா காலத்தில்தான் இந்த அனுமதிப் பெட்டி பல வீடுகளுக்கு அறிமுகமானது. சென்னை கிண்டியில் உள்ள அண்ணா பல்கலைக்கழகம், 2020 செப்டம்பரில் இறுதி செமஸ்டர் தேர்வை ஆன்லைனில் நடத்தியது. ஒரு மணி நேரத் தேர்வு, சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் கேள்விகள். கேமராவும் மைக்கும் வேலை செய்யும் கருவி கட்டாயம்.

அடுத்து 2021 பிப்ரவரியில் செயற்கை நுண்ணறிவுக் கண்காணிப்புடன் நடந்த ஆன்லைன் தேர்வின் முடிவுகள் பெரிய சர்ச்சையானது. ஏராளமான மாணவர்களின் முடிவு நிறுத்திவைக்கப்பட, 2021 மே மாதம் மறுதேர்வு அறிவிக்கப்பட்டது. கேமராவும் மைக்கும் சரியாக இருக்கிறதா என்பது ஒரு மாணவரின் செமஸ்டரையே தீர்மானிக்கும் விஷயமாக அன்று மாறியிருந்தது. இன்று வேலைக்கான இன்டர்வியூ, டாக்டர் ஆலோசனை, வெளிநாட்டு பார்ட்டியுடன் பேச்சு எல்லாமே அதே கேமரா வழியாகத்தான் நடக்கிறது.

1. பிரவுசர்: யாருக்கெல்லாம் 'அலோ' கொடுத்திருக்கிறீர்கள்?

குரோம் பிரவுசரில் வலது மேல் மூலையில் உள்ள மூன்று புள்ளிகளை அழுத்துங்கள். செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ் என்ற வரிசையில் போனால் கேமரா, மைக்ரோஃபோன், லொகேஷன், நோட்டிஃபிகேஷன் என்று தனித்தனியாக இருக்கும். ஒவ்வொன்றிலும் அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். தெரியாத பெயர் இருந்தால் நீக்கிவிடலாம்.

நீண்ட நாள் திறக்காத தளங்களின் அனுமதியைத் தானாகவே எடுத்துவிடும் வசதி இப்போது குரோமில் உண்டு. அதை மட்டும் நம்பி இருந்துவிட முடியாது. அடிக்கடி திறக்கும் தளங்களின் அனுமதி அப்படியேதான் இருக்கும்.

இதில் முதலில் பார்க்க வேண்டியது நோட்டிஃபிகேஷன். "உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது" என்று திரையின் ஓரத்தில் அடிக்கடி எச்சரிக்கை வருகிறதா? பல நேரங்களில் அது வைரஸே இல்லை. எங்கோ ஒரு தளத்தில் தெரியாமல் கொடுத்த நோட்டிஃபிகேஷன் அனுமதிதான், எச்சரிக்கை வேஷத்தில் வரும் விளம்பரம் அல்லது மோசடி வலை. அதில் வரும் எண்ணுக்கு போன் செய்யக் கூடாது. பட்டியலில் இருந்து அந்தத் தளத்தை எடுத்தாலே பெரும்பாலும் நின்றுவிடும்.

கேமரா, மைக்ரோஃபோன், லொகேஷன் அனுமதியைப் புதிதாகக் கேட்கும்போது, 'இந்த முறை மட்டும்' என்ற வாய்ப்பும் இருக்கும். ஒருநாள் வேலைக்கு அதுவே போதும்.

2. இமெயில்: அதிகம் கவனிக்கப்படாத ஆபத்து

அண்ணா பல்கலைக்கழகத்தில் இருந்து கொஞ்ச தூரத்தில், 1958-ல் தொடங்கிய கிண்டி தொழிற்பேட்டை இருக்கிறது. இப்படிப்பட்ட இடத்தில் உதிரி பாகம் செய்து தரும் ஒரு சின்ன பட்டறையை உதாரணத்துக்கு எடுத்துக்கொள்வோம். பர்சேஸ் ஆர்டர், இன்வாய்ஸ், பேமென்ட் விவரம் எல்லாம் ஒரே இமெயிலில்தான் வரும், போகும். அந்த பாஸ்வேர்டு முதலாளிக்கும் தெரியும், அக்கவுண்டன்டுக்கும் தெரியும், போன வருஷம் வேலையை விட்டுப் போனவருக்கும் தெரியும்.

அந்த பாஸ்வேர்டு மோசடி ஆளிடம் சிக்கினால் என்ன நடக்கும்? அவர் உடனே எதையும் அழிக்க மாட்டார். சத்தமே இல்லாமல் செட்டிங்ஸுக்குள் போய், வரும் மெயில் எல்லாம் தன் முகவரிக்கும் ஒரு நகல் வருகிற மாதிரி 'ஃபார்வர்டிங்' வைத்துவிடுவார். பிறகு காத்திருப்பார். பெரிய தொகைக்கான இன்வாய்ஸ் போகும் நாளில், பட்டறையின் பெயரிலேயே பார்ட்டிக்கு ஒரு மெயில் போகும்: "எங்கள் வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் புதிய கணக்கில் பணம் போடுங்கள்." பார்ட்டி நம்பிப் பணம் போட்டுவிடுவார். பட்டறைக்கோ ஒரு ரூபாய் வந்திருக்காது.

இது உலகம் முழுக்க நடக்கும் மோசடி. வணிக இமெயில்களைக் குறிவைக்கும் இந்த வகைக் குற்றத்தில் மட்டும் 2023-ல் சுமார் 290 கோடி டாலர் இழப்பு பதிவானதாக அமெரிக்காவின் எஃப்பிஐ கணக்கு சொல்கிறது.

சரி, பாஸ்வேர்டை மாற்றினால் போதாதா? போதாது. பாஸ்வேர்டை மாற்றினாலும் ஏற்கெனவே வைத்த ஃபார்வர்டிங் அப்படியே வேலை செய்துகொண்டிருக்கும். பூட்டை மாற்றிவிட்டு, பின்பக்கக் கதவைத் திறந்தே வைத்த மாதிரிதான்.

ஜிமெயிலில் பார்ப்பது எப்படி?

* கணினியில் ஜிமெயிலைத் திறந்து, மேலே உள்ள பல்சக்கரக் குறியை அழுத்தி, 'சீ ஆல் செட்டிங்ஸ்' போங்கள்.

* 'ஃபார்வர்டிங்' பகுதியில் தெரியாத முகவரி இருந்தால் உடனே நீக்குங்கள்.

* அடுத்து 'ஃபில்டர்ஸ்' பகுதி. 'பேங்க்', 'இன்வாய்ஸ்' போன்ற சொற்கள் வரும் மெயில்களை மட்டும் வெளியே அனுப்பவோ, இன்பாக்ஸில் காட்டாமல் மறைக்கவோ இங்கே விதி வைக்க முடியும். நீங்கள் வைக்காத விதி இருந்தால் அழித்துவிடுங்கள்.

* 'அக்கவுண்ட்ஸ்' பகுதியில் வேறு யாருக்காவது உங்கள் மெயிலைப் படிக்கும் அனுமதி தரப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள்.

* இன்பாக்ஸின் அடியில், வலது பக்கம் 'டீட்டெயில்ஸ்' என்று சின்னதாக இருக்கும். அதை அழுத்தினால், சமீபத்தில் எங்கிருந்து, எந்தக் கருவியில் உங்கள் மெயில் திறக்கப்பட்டது என்று தெரியும்.

அவுட்லுக் பயன்படுத்துபவர்கள் செட்டிங்ஸில் 'மெயில்' பகுதிக்குள் போய் 'ரூல்ஸ்', 'ஃபார்வர்டிங்' இரண்டையும் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் சுத்தம் செய்த பிறகு பாஸ்வேர்டை மாற்றி, இரண்டு அடுக்குச் சரிபார்ப்பை ஆன் செய்யுங்கள். அப்புறம் பாஸ்வேர்டு மட்டும் தெரிந்தவர் உள்ளே வருவது கஷ்டம். இன்னொரு சின்ன வசதியும் ஜிமெயிலில் இருக்கிறது. 'அன்டு சென்ட்' நேரத்தை 30 விநாடியாக வைத்தால், தப்பான ஆளுக்கு அனுப்பிய மெயிலை அந்த நேரத்துக்குள் திரும்பப் பெறலாம்.

செட்டிங்ஸை விட முக்கியமான ஒரு பழக்கம்: வங்கிக் கணக்கு மாறியதாக மெயில் வந்தால், ஏற்கெனவே தெரிந்த எண்ணுக்கு போன் செய்து கேட்காமல் பணம் அனுப்பக் கூடாது. அந்த மெயிலில் இருக்கும் எண்ணுக்கு அடித்தால், மோசடி ஆளே எடுத்துப் பேசுவார்.

3. வீடியோ மீட்டிங்: "சார், நான் பேசுறது கேக்குதா?"

மைக்கோ கேமராவோ வேலை செய்யவில்லை என்றால் உடனே லேப்டாப் ரிப்பேர் என்று நினைக்க வேண்டாம். அனுமதி மூன்று அடுக்காக இருக்கிறது. ஒன்று மூடியிருந்தாலும் படம் கறுப்பாகத்தான் தெரியும்.

முதல் அடுக்கு, கணினி. விண்டோஸில் செட்டிங்ஸுக்குள் 'பிரைவசி' பகுதியில் கேமரா, மைக்ரோஃபோன் இரண்டும் ஆனில் இருக்க வேண்டும். இரண்டாவது அடுக்கு, பிரவுசர். முகவரிப் பட்டையின் இடது ஓரத்தில் உள்ள குறியை அழுத்தினால், அந்தத் தளத்துக்கு அனுமதி இருக்கிறதா என்று தெரியும். மூன்றாவது அடுக்கு, ஜூம் அல்லது கூகுள் மீட் செட்டிங்ஸ். அங்கே சரியான மைக் தேர்வாகியிருக்கிறதா என்று பாருங்கள். ஹெட்செட்டைக் கழற்றியும் அதுவே தேர்வில் இருந்தால் சத்தம் போகாது.

இன்னொரு மீட்டிங் செயலி பின்னால் திறந்திருந்தாலும் கேமரா அதன் பிடியில் மாட்டிக்கொள்ளலாம். அதை மூடிவிட்டு மறுபடி முயற்சி செய்யுங்கள். சில லேப்டாப்களில் கேமராவுக்கு மேல் சின்ன மூடியும் இருக்கும். இன்டர்வியூ என்றால், அரை மணி நேரம் முன்பே இதையெல்லாம் சோதித்துவிடுவது நல்லது.

மீட்டிங்கை நீங்கள் நடத்துகிறீர்களா?

2020 ஏப்ரலில் மத்திய உள்துறை அமைச்சகம் ஜூம் பற்றி ஓர் அறிவுறுத்தலை வெளியிட்டது. அரசு அதிகாரிகள் அலுவல் வேலைக்கு அதைப் பயன்படுத்த வேண்டாம் என்று சொன்ன அமைச்சகம், தனிப்பட்ட முறையில் பயன்படுத்துபவர்கள் என்ன செய்ய வேண்டும் என்பதையும் சொன்னது. ஒவ்வொரு மீட்டிங்குக்கும் புதிய ஐடி, புதிய பாஸ்வேர்டு. வருபவர்களை முதலில் 'வெயிட்டிங் ரூமில்' நிறுத்துவது. நடத்துபவர் மட்டும் திரையைப் பகிர்வது. எல்லோரும் வந்ததும் மீட்டிங்கைப் பூட்டுவது. வெளியேற்றியவர் மறுபடி உள்ளே வர முடியாமல் செய்வது. இன்றைக்கும் இந்தப் பட்டியல் அப்படியே பொருந்தும். ஜூமில் 'ஹோஸ்ட் டூல்ஸ்', மீட்டில் 'ஹோஸ்ட் கன்ட்ரோல்ஸ்' பகுதியில் இதில் பெரும்பாலானவை கிடைக்கும்.

திரையைப் பகிரும்போது முழுத் திரையையும் காட்ட வேண்டாம். தேவையான ஒரு விண்டோவை மட்டும் தேர்ந்தெடுங்கள். இல்லாவிட்டால் நடுவில் வரும் வாட்ஸ்அப் செய்தி, ஓடிபி எல்லாம் எதிரில் இருப்பவர் கண்ணில் படும். "உங்க கணினியை நான் சரி பண்றேன்" என்று அறிமுகமில்லாதவர் 'ரிமோட் கன்ட்ரோல்' கேட்டால், மறுத்துவிட்டு அழைப்பைத் துண்டியுங்கள்.

பணம் போய்விட்டால் என்ன செய்வது?

தாமதிக்காமல் 1930 என்ற தேசிய சைபர் குற்ற உதவி எண்ணுக்கு அழைக்க வேண்டும். வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும். மத்திய அரசின் தேசிய சைபர் குற்றப் புகார் தளத்திலும் புகாரைப் பதிவு செய்யலாம். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ, அந்தப் பணத்தை வழியிலேயே முடக்கும் வாய்ப்பு அவ்வளவு அதிகம். சந்தேக மெயிலை அழித்துவிடாதீர்கள், அதுதான் ஆதாரம்.

மூன்றையும் ஒரே நாளில் பார்க்க நேரம் இல்லை என்றால், இமெயில் ஃபார்வர்டிங்கை மட்டுமாவது இன்றே பார்த்துவிடுங்கள். அதற்கு இரண்டு நிமிஷம் கூட ஆகாது. அலுவலகத்தில் ஒருவர் வேலையை விட்டுப் போகும் நாளில், சாவியைத் திரும்ப வாங்குகிற மாதிரி, இந்தப் பட்டியலையும் ஒருமுறை பார்த்துவிட்டு பாஸ்வேர்டை மாற்றுங்கள்.