நினைவகம்: பழைய சொற்களும் அவற்றின் பொருளும்

தமிழ்ப்பள்ளியில் ‘நினைவகம்’ என்று கற்றோம். இடைநிலைப்பள்ளியில் அது மலாயில் ‘இங்காத்தான்’ ஆனது. பல்கலைக்கழகத்தில் ‘மெமரி’ என்கிறோம். ஒரு பொருளுக்கு மூன்று மொழிகளில் பெயர் தெரிந்த நம்மிடம், “உங்கள் மடிக்கணினியின் நினைவகம் எவ்வளவு?” என்று கேட்டால், “512 ஜிகாபைட்” என்று பலர் சேமிப்பகத்தின் அளவைச் சொல்லிவிடுகிறோம். பெயர் தெரிவது வேறு. பொருள் தெரிவது வேறு. பொருளை அறிய ஓர் எளிய வழி, இச்சொற்கள் புழங்கிய பழைய கணினிகளுக்குள் சற்று எட்டிப் பார்ப்பதுதான்.

மேசையும் அலமாரியும்

நூலகத்தில் நாம் படிக்கும் மேசையை நினைத்துக்கொள்ளுங்கள். மேசைமேல் விரித்து வைத்திருக்கும் நூல்தான் உடனே கைக்கு எட்டும். அந்த மேசையே ரேம் எனும் நினைவகம். மின்சாரம் நின்றால் மேசை காலியாகிவிடும். வன்தட்டு, நெகிழ்வட்டு போன்றவை அலமாரிகள். அவற்றில் வைத்தது அப்படியே இருக்கும். எடுத்து வரத்தான் நேரமாகும். கணினியைத் திறந்ததும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் நிலையான குறிப்பு ரோம். அது மேசையிலேயே ஒட்டப்பட்ட தாளைப் போன்றது.

640 எங்கிருந்து வந்தது?

ஐபிஎம் நிறுவனம் 1981-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் தன் தனியாள் கணினியை வெளியிட்டது. அதன் மூளை இண்டெல் 8088 செயலி. நினைவகத்தின் ஒவ்வொரு பைட்டுக்கும், தாமான் வீடுகளைப் போல, ஓர் எண் உண்டு. அந்த எண்ணைச் சொல்ல 8088-க்கு 20 கம்பிகள் இருந்தன. ஒவ்வொரு கம்பியும் 0 அல்லது 1. இரண்டை இருபது முறை பெருக்கினால் 10,48,576 முகவரிகள், அதாவது ஒரு மெகாபைட். அதற்கு மேல் எண் சொல்ல அச்செயலிக்கு வழியில்லை.

ஒரு மெகாபைட் என்பது 1024 கிலோபைட். அதில் மேலே உள்ள 384 கிலோபைட் முகவரிகளைத் திரை, ரோம் போன்றவற்றுக்கு ஒதுக்கினார்கள். எஞ்சிய 640 கிலோபைட்தான் நிரல்களுக்கு. இதை வழமை நினைவகம் என்றும் மேலே ஒதுக்கியதை மேல் நினைவகம் என்றும் சொல்லலாம்.

குழப்பும் இரட்டையர்

கணக்குப் பதிவு அட்டவணைகள் பெருத்தபோது 640 போதவில்லை. அப்போது இரண்டு தீர்வுகள் புழக்கத்திற்கு வந்தன. ஆங்கிலத்தில் ஒன்று எக்ஸ்பாண்டட், மற்றொன்று எக்ஸ்டெண்டட். கேட்பதற்கு இரட்டையர் போல் இருந்தாலும் செயல்படும் விதத்தில் இரண்டும் முற்றிலும் வேறு.

எக்ஸ்பாண்டட் முறையை 1985-ஆம் ஆண்டு லோட்டஸ், இண்டெல், மைக்ரோசாப்ட் ஆகிய மூன்று நிறுவனங்களும் வகுத்தன. மேல் நினைவகத்தில் 64 கிலோபைட் அளவில் ஒரு சாளரம் திறக்கப்படும். அதில் 16 கிலோபைட் கொண்ட நான்கு பக்கங்கள் அடங்கும். தேவையான பக்கம் உள்ளே வரும், தேவையற்றது வெளியேறும். மேசையில் நான்கு நூல்களுக்கே இடமிருந்தால், நூல்களை மாற்றி மாற்றி வைத்துப் படிப்போம் அல்லவா? அதே உத்திதான்.

எக்ஸ்டெண்டட் என்பது மேசையையே நீட்டுவது. 1982-இல் வந்த 80286 செயலிக்கு 24 கம்பிகள். 16 மெகாபைட் வரை எண் சொல்லும். 1985-இல் வந்த 80386-க்கு 32, நான்கு ஜிகாபைட். ஆனால் டாஸ் இயங்குதளம் பழைய ஒரு மெகாபைட் உலகத்திற்காகவே எழுதப்பட்டது. ஆகவே கூடுதல் நினைவகத்தை ஆள ஹைமெம் போன்ற துணை நிரல்கள் தேவைப்பட்டன. 1991-இல் வந்த எம்எஸ்-டாஸ் 5.0, தன்னில் ஒரு பகுதியையே மேலே நகர்த்தி, 640-க்குள் இடத்தை மிச்சப்படுத்தியது.

இன்று நமக்கென்ன?

கதை அத்தோடு முடியவில்லை. பின்னாளில் 32 பிட் விண்டோஸ் கணினியில் நான்கு ஜிகாபைட் ரேம் பொருத்தியவர்கள், மூன்று சொச்சமே பயன்படுவதைக் கண்டு கடைக்காரரைச் சந்தேகித்தார்கள். காரணம் 1981-இல் கண்டதே: முகவரிகளில் ஒரு பங்கைச் சாதனங்கள் எடுத்துக்கொண்டன. 64 பிட் கணினிகள் பரவிய பிறகே அந்தத் தடை விலகியது. இன்றைய இண்டெல், ஏஎம்டி செயலிகள்கூட மின்சாரம் வந்த முதல் கணத்தில் பழைய 16 பிட் நிலையில்தான் கண்விழிக்கின்றன.

மலேசியரான முத்து நெடுமாறன் 1985-இல் ‘முரசு’ மென்பொருளை உருவாக்கியதும் இந்த 640 கிலோபைட் காலத்தில்தான். அவ்வளவு குறுகிய இடத்திலும் தமிழ் கணினித் திரையேறியது.

ஆகவே, கலைச்சொல் படைக்கும் பொறுப்பு நம் கைக்கு வரும்போது ஒன்றை எண்ணிப் பார்ப்போம். எக்ஸ்பாண்டட், எக்ஸ்டெண்டட் என ஒலிபெயர்த்தாலும், ‘விரிந்த’, ‘நீண்ட’ எனச் சொல்லுக்குச் சொல் வைத்தாலும் குழப்பம் அப்படியே தமிழுக்குக் குடிபெயரும். ‘பக்கமாற்று நினைவகம்’, ‘நீட்சி நினைவகம்’ என்று வைத்துப் பாருங்கள். முதல் பெயரைக் கேட்டாலே அது செய்யும் வேலை புரிந்துவிடுகிறது. அகராதியைத் திறக்கும் முன் கருவியைத் திறந்து பார்ப்பவரே நல்ல கலைச்சொல்லைத் தருவார். அந்த வேலைக்குத் தமிழும் கணினியும் அறிந்த பட்டதாரிகள் தேவை. நாமில்லாமல் வேறு யார்?