உங்களுக்குத் தெரியுமா? மண்டையும் முகமும் சீராக்கும் மருத்துவம்

மண்டையோடும் முக எலும்பும் பிறவியிலேயே கோணி வளரும் குழந்தைகளுக்கு இன்று நல்ல சிகிச்சை இருக்கிறது. அந்தச் சிகிச்சை பிறந்த கதையையும், அதைச் செய்யும் மருத்துவர்கள் கற்றுத் தேறும் விதத்தையும் சொல்லும் சில தகவல்கள் இங்கே.

★ பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே எலும்பாக இருப்பதில்லை. பல எலும்புத் தகடுகளும் அவற்றுக்கிடையே மெல்லிய இணைப்புகளும் சேர்ந்ததுதான் அது. உச்சிக்குழியில் கைவைத்தால் மெத்தென்று இருப்பது இதனால்தான். மூளை வளர வளர இந்த இணைப்புகள் இடம் கொடுக்கும். ஏதாவது ஓர் இணைப்பு காலத்துக்கு முன்பே மூடிக்கொண்டால் அந்தப் பக்கம் மண்டை விரிய முடியாமல் வேறு பக்கம் தள்ளிக்கொண்டு வளரும். ஏறத்தாழ 2,000 முதல் 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு இப்படி நேர்கிறது.

★ எந்த இணைப்பு மூடியது என்பதைத் தலையின் வடிவமே சொல்லிவிடும். உச்சியில் முன்பின்னாக ஓடும் இணைப்பு மூடினால் தலை ஒடுங்கி நீளும். நெற்றி நடுவிலுள்ள இணைப்பு மூடினால் நெற்றி முக்கோணமாகக் கூம்பும். அதேசமயம், ஒரே பக்கமாகப் படுத்துத் தலை தட்டையாகும் குழந்தைகளும் உண்டு. அவர்களுக்குக் கத்தி தேவையில்லை. படுக்கும் பக்கத்தை மாற்றினாலே பெரும்பாலும் சரியாகும். இந்த இரண்டையும் பிரித்தறிவது பயிற்சி மருத்துவர் தேற வேண்டிய முக்கியப் பாடம்.

★ கண்கள் பிதுங்கி, முகத்தின் நடுப்பகுதி உள்வாங்கியிருக்கும் குறைபாட்டை 1912இல் விவரித்தவர் பிரெஞ்சு மருத்துவர் ஒக்தாவ் க்ரூசோன். இதைப் போன்றதே, ஆனால் கைகால் விரல்களும் ஒட்டியிருக்கும் குறைபாட்டை 1906இல் விவரித்தவர் யூஜென் அப்பேர். இவர்கள் பெயரில்தான் அந்தக் குறைபாடுகள் இன்றும் அறியப்படுகின்றன. இரண்டுக்கும் பெரும்பாலும் காரணம் எஃப்ஜிஎஃப்ஆர்2 என்ற மரபணுவில் ஏற்படும் மாற்றம்.

★ முகத்தில் பலமாக அடிபட்டால் எலும்பு கண்டபடி நொறுங்குவதில்லை. சில குறிப்பிட்ட கோடுகளில்தான் பிளக்கிறது. இறந்தவர்களின் தலைகளில் பல திசையிலிருந்தும் அடித்துப் பார்த்து, 1901இல் இதை வெளியிட்டார் பிரான்சின் லீல் நகரத்து மருத்துவர் ரெனே லெ ஃபோர். இன்று முக எலும்பை வேண்டுமென்றே வெட்டி முன்னால் நகர்த்தும் மருத்துவர்களுக்கும் வழிகாட்டி அதே கோடுகள்தான்.

★ முகத்தின் நடுப்பகுதி முழுவதையும் மண்டையோட்டிலிருந்து பிரித்து முன்னே கொண்டுவரும் அறுவையைச் செய்து 1950இல் எழுதியவர் ஹரால்ட் கில்லிஸ். முதல் உலகப்போரில் முகம் சிதைந்த வீரர்களுக்காக இங்கிலாந்தின் சிட்கப்பில் 1917இல் திறக்கப்பட்ட மருத்துவமனையில் பணியாற்றியவர் அவர். அவ்வளவு தேர்ந்த கைக்கே அது கடினமாக இருந்தது. அவர் அந்த வழியைத் தொடரவில்லை.

★ அந்த இடத்திலிருந்து தொடர்ந்தவர் பிரெஞ்சு அறுவை மருத்துவர் போல் டெசியே (1917–2008). பாரிசில் வேலை முடிந்ததும் ரயிலேறி நான்ட் நகருக்குப் போய், அங்கே இறந்தவர்களின் உடல்களில் வெட்டும் கோடுகளைத் திரும்பத் திரும்பப் பயின்றார். உயிருள்ள நோயாளியைத் தொடும் முன் இறந்தவரிடம் பாடம் கேட்க வேண்டும் என்ற ஒழுங்கு இந்தத் துறையில் இன்றும் நிலைத்திருக்கிறது. உடல் தானம் செய்பவர் இப்படி ஏதோ ஒரு குழந்தையின் முகத்துக்கும் உதவக்கூடும்.

★ இரண்டு கண்களும் அளவுக்கு மீறி விலகியிருந்தால், பார்வை கெடாமல் கண்குழிகளையே எலும்போடு நகர்த்திச் சேர்க்கலாம் என்று செய்துகாட்டியவரும் டெசியேதான். இதற்கு மண்டையைத் திறக்க வேண்டும். மூக்கிலுள்ள கிருமி மூளையைத் தொட்டுவிடுமோ என்ற அச்சத்தில் அதுவரை எல்லோரும் விலகியே நின்றார்கள். நரம்பியல் அறுவை நிபுணர் ஜெரார் கியோ துணைநிற்க, ஃபோஷ் மருத்துவமனையில் டெசியே அதைச் சாதித்தார். 1967இல் ரோமில் நடந்த பிளாஸ்டிக் சர்ஜரி மாநாட்டில் முடிவுகளை வெளியிட்டபோது ஒரு புதிய துறையே பிறந்தது.

★ டெசியே தன் வித்தையை மூடி வைக்கவில்லை. பிற நாட்டு நிபுணர்களை அழைத்து, தன் நோயாளிகளைக் காட்டி, அறுவையையும் பார்க்கவைத்து, கருத்துக் கேட்டார். அவரிடம் கற்றவர்கள் பல நாடுகளிலும் பயிற்சி மையங்களை எழுப்பினார்கள். முகப்பிளவுகளை 0 முதல் 14 வரை எண்ணிட்டு அவர் 1976இல் தந்த பட்டியலை உலகெங்கும் மாணவர்கள் இன்றும் மனப்பாடம் செய்கிறார்கள்.

★ இந்தியாவில் ஒருவர் இந்தத் துறைக்கு வர எத்தனை ஆண்டுகள் ஆகும்? எம்பிபிஎஸ் ஐந்தரை ஆண்டு, பொது அறுவையில் எம்எஸ் 3 ஆண்டு, பிளாஸ்டிக் சர்ஜரியில் எம்சிஎச் 3 ஆண்டு. அதன்பிறகுதான் மண்டை–முகச் சீரமைப்புக்கான தனிப்பயிற்சி. பல் மருத்துவம் படித்து, வாய்–தாடை–முக அறுவையில் எம்டிஎஸ் முடித்து வருவது இன்னொரு வழி.

★ ஐந்து கிலோ எடையுள்ள குழந்தையின் உடலில் மொத்தமே சுமார் 400 மில்லி ரத்தம்தான். பெரியவர்களுக்குப் பொருட்டே இல்லாத ரத்தக்கசிவு குழந்தையின் உயிரைப் பறித்துவிடும். அதனால் மயக்கவியல் நிபுணருக்கும் இதில் தனித் தேர்ச்சி வேண்டும். நரம்பியல் அறுவை, கண், காது–மூக்கு–தொண்டை, பல் சீரமைப்பு, பேச்சுப் பயிற்சி, மரபியல் என எல்லா நிபுணர்களும் ஓரணியாக நின்றால்தான் சிகிச்சை நிறைவாகும். ஆஸ்திரேலியாவின் அடிலெய்டில் 1975இல் டேவிட் டேவிட் தொடங்கிய பிரிவு இத்தகைய கூட்டுச் சிகிச்சைக்குப் பெயர்பெற்றது.

★ எலும்பை வெட்டி, திருகுக் கருவி பொருத்தி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1 மில்லிமீட்டர் வீதம் விலக்கினால் இடைவெளியில் புதிய எலும்பு வளரும். கால் எலும்பை நீட்ட சைபீரியாவில் மருத்துவர் இலிசாரோவ் வளர்த்தெடுத்த முறை இது. நியூயார்க்கின் ஜோசப் மெக்கார்த்தி இதைக் குழந்தைகளின் கீழ்த்தாடைக்குப் பயன்படுத்தி 1992இல் வெளியிட்டார். தாடை சிறுத்து மூச்சுத் திணறும் பச்சிளங்குழந்தைகள் பலர் இதனால் பிழைக்கிறார்கள்.

★ இன்று சிடி ஸ்கேனைக் கொண்டு நோயாளியின் மண்டையோட்டை முப்பரிமாண அச்சில் வார்த்து, முன்கூட்டியே வெட்டிப் பழகலாம். அறுவைக்கான கீறலைக் காதிலிருந்து காதுவரை முடிக்குள் வளைத்து வளைத்துப் போடுவார்கள். தழும்பு பிறர் கண்ணில் படாது. மூன்று மாதத்துக்குள் கண்டுபிடித்தால் சில குழந்தைகளுக்குச் சிறு துளை வழியே எண்டோஸ்கோப் கொண்டு அறுவை செய்து, பிறகு தலைக்கவசம் அணிவித்தே வடிவத்தைத் திருத்தலாம்.

★ அண்ணப்பிளவு அறுவைக்குப் பின் சிலருக்கு மேல்தாடை சரியாக வளர்வதில்லை. இதற்குப் பிளவு காரணமா, அறுவை காரணமா? இதற்கு விடை தந்த நாடு இலங்கை. பிளவுடனேயே வளர்ந்து பெரியவர்களானவர்களை லண்டன் மருத்துவர் மைக்கேல் மார்ஸ் 1984 முதல் காலி நகரில் ஆராய்ந்தார். சிகிச்சையே பெறாத பலரிடம் மேல்தாடை நன்றாகவே வளர்ந்திருந்தது. அறுவையால் உண்டாகும் தழும்பே வளர்ச்சியைத் தடுக்கிறது என்பது இதனால் தெளிவானது. ஆகவே திசுவைக் காயப்படுத்தாத மென்மையான கைதான் நல்ல பயிற்சியின் அடையாளம்.

★ கர்ப்பிணி கிரகணத்தைப் பார்த்ததால் குழந்தைக்கு உதடு பிளந்தது என்று தாயைக் குற்றம் சொல்லும் வழக்கம் நம்மிடம் இன்னும் இருக்கிறது. இது முற்றிலும் தவறு. மரபணுவும் கருக்காலச் சூழலும் சேர்ந்து உண்டாக்கும் குறை இது. உலகெங்கும் சுமார் 700 குழந்தைகளில் ஒன்றுக்கு வருகிறது. உதட்டுப் பிளவை 3 முதல் 6 மாதத்திலும், அண்ணப்பிளவை ஒன்றரை வயதுக்குள்ளும் சரிசெய்வது வழக்கம்.

★ பிறப்பு முதல் 18 வயது வரை பிறவிக் குறைகளைக் கண்டறிந்து இலவசமாகச் சிகிச்சைக்கு அனுப்ப 2013இல் தொடங்கிய மத்திய அரசின் ஆர்பிஎஸ்கே திட்டத்தில் உதட்டுப் பிளவும் அண்ணப்பிளவும் உண்டு. மாவட்டத் தலைமை மருத்துவமனையில் உள்ள ஆரம்ப இடையீட்டு மையத்தை அணுகலாம். குழந்தையின் தலையோ முகமோ கோணலாகத் தெரிந்தால் துணியால் மறைக்காதீர்கள், நாள் கடத்தாதீர்கள். முதல் தடுப்பூசி போடப் போகும் நாளிலேயே மருத்துவரிடம் காட்டுங்கள்.