ஓசை போனது, எழுத்து நின்றது

ஓ, யூ, ஜி, எச். ஆங்கிலம் படிக்கத் தொடங்கும் எவரையும் இடற வைக்கும் நான்கு எழுத்துகள் இவை. இதே வரிசையில் இவை வரும் சொற்களில், 'ஆனாலும்' என்ற பொருளுடையதைத் 'தோ' என்கிறோம், 'ஊடாக' என்பது 'த்ரூ', இருமல் 'காஃப்', கடினமானது 'டஃப்', மரக்கிளை 'பௌ', எண்ணம் 'தாட்'. ஆங்கில எழுத்துமுறைக்கு ஒழுங்கே கிடையாது என்று வாதிடுவோர் முதலில் எடுத்து நீட்டும் சான்றும் இதுதான். ஆனால் இச்சொற்களை எழுதத் தொடங்கிய காலத்தில் இந்த எழுத்துகள் பொய் சொல்லவில்லை. எழுத்து ஓரிடத்தில் நின்றுவிட, பேச்சு மட்டும் மேலே நடந்ததால் வந்த வினை இது.

பழைய ஆங்கிலத்தில் தொண்டையை உரசி எழும் ஓர் ஓசை இருந்தது. இரவை 'நாக்ட்' என்னும் ஜெர்மானியர் வாயில் இன்றும் அதைக் கேட்கலாம். அதன் உறவுச் சொல்லான ஆங்கில 'நைட்'டில் ஜி, எச் எழுத்துகள் மட்டும் எஞ்சியுள்ளன. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றிய பின்வந்த எழுத்தர்கள் அந்த உரசலைக் குறிக்கவே ஜி, எச் இரண்டையும் சேர்த்து எழுதினர். நாளடைவில் அது சில சொற்களில் அடியோடு மறைந்தது. சிலவற்றில் 'ஃப்' ஆனது. ஏறத்தாழ 1400 முதல் 1700 வரை நெடில் உயிரோசைகளும் இடம் மாறின. வில்லியம் காக்ஸ்டன் 1476இல் வெஸ்ட்மின்ஸ்டரில் அச்சகம் தொடங்கியது இந்த மாற்றத்தின் நடுவில்தான். அச்சு பரவப் பரவப் பழைய எழுத்து உறுதிப்பட்டது; வட்டாரத்துக்கு வட்டாரம் வேறுபட்ட உச்சரிப்புகளோ பொது ஆங்கிலத்தில் கலந்து நிலைத்தன.

காரணம் தெரிந்தால் போதுமா, படிப்பவர் ஊகிக்க முடியவில்லையே என்று கேட்கலாம். ஓரளவு முடியும். இந்த நான்கையும் அடுத்து 'டி' வந்தால் 'தாட்', 'பாட்', 'ஃபாட்' என ஏறக்குறைய எல்லாமே ஒரே ஓசைதான். வறட்சியைக் குறிக்கும் 'ட்ரவுட்' விதிவிலக்கு. 'ஃப்' என முடிபவை விரல்விட்டு எண்ணத் தக்கவை. ஜி, எச், ஓ, டி, ஐ என்று எழுதி 'ஃபிஷ்' எனப் படிக்கலாம் என்னும் பழைய கேலி இங்கே நினைவுக்கு வரும். பெர்னார்ட் ஷாவின் பெயரில் உலவும் அது, அவர் பிறப்பதற்கு முந்தைய ஆண்டான 1855இன் கடிதம் ஒன்றிலேயே இருக்கிறது. சொல்லின் முதலில் வரும் ஜி, எச் ஒருபோதும் 'ஃப்' ஆவதில்லை என்பதைக் கேலி மறைத்துவிடுகிறது. கல், தங்கம், பகல் மூன்றிலும் ககரம் மூன்று விதமாக ஒலிப்பது நமக்குத் தடையாக இல்லை. இடத்தைப் பார்த்தே படிக்கிறோம். ஆங்கிலத்தில் அந்த ஒழுங்கு குறைவு, ஆனால் இல்லாமல் இல்லை.

அப்படியானால் எழுத்தையே திருத்திவிடலாமே? முயன்றார்கள். 1906இல் அமெரிக்க அதிபர் தியடோர் ரூஸ்வெல்ட், 'தோ', 'த்ரூ' உள்ளிட்ட 300 சொற்களை எளிமையாக அச்சிட அரசு அச்சகத்துக்கு ஆணையிட்டார். நாடாளுமன்றம் எதிர்க்கவே அதே ஆண்டில் பின்வாங்கினார். 1934இல் எளிய எழுத்துகளைக் கையாளத் தொடங்கிய சிகாகோ ட்ரிப்யூன் நாளிதழும் 1975இல் 'தோ', 'த்ரூ' சுருக்கங்களைக் கைவிட்டது. இந்த நான்கெழுத்துச் சொற்களில் கலப்பையைக் குறிக்கும் 'ப்ளௌ' போன்ற சிலவே அமெரிக்காவில் எளிய வடிவில் நிலைத்தன. இதைப் பழமைப் பிடிவாதம் என்று மட்டும் தள்ள முடியாது. ஓசைப்படி எழுதுவதென்றால் லண்டன்காரரின் ஓசையா, ஸ்காட்லாந்துக்காரரின் ஓசையா? எழுத்து எவருடைய பேச்சோடும் முழுதாக ஒட்டாததால்தான் எல்லா நாட்டினரும் ஒரே புத்தகத்தைப் படிக்க முடிகிறது. திருத்த வேண்டியது பாடமுறையை: இச்சொற்களை விதியற்ற விநோதங்களாக மனப்பாடம் செய்ய வைக்காமல், ஓசை வாரியாகக் கூட்டம் பிரித்துக் கற்பித்தால் சுமையில் பெரும்பகுதி குறையும்.