ரோல் நம்பர் மூட்டும் நெருக்கம்

மருத்துவக் கல்லூரிக் காதல்கள் பல ஒரே பேட்சுக்குள், அதாவது சேர்ந்து பயிலும் சிறு குழுவுக்குள், முளைப்பது ஏன்? முதலில் ரோல் நம்பரைப் பாருங்கள். பல கல்லூரிகளில் அது பெயர்களின் ஆங்கில அகரவரிசைப்படி வரும். டிசெக்‌ஷன் மேசை, வார்டு போஸ்டிங், வைவா எல்லாம் அதன் வழியே. அனிதாவும் அருணும் ஒரே மேசையில் நிற்பார்கள். விஜய் கூடத்தின் மறுகோடியில்.

அமெரிக்கச் சமூகவியலாளர் மேடி சீகல், மேரிலாந்து மாநிலக் காவல் துறையில் பயிற்சி பெற்றவர்களை ஆராய்ந்து 1974இல் முடிவை வெளியிட்டார். அங்கே அறையும் இருக்கையும் குடும்பப் பெயரின் அகரவரிசையில் ஒதுக்கப்பட்டிருந்தன. நெருங்கிய நண்பர் யார் என்று கேட்டால், பலரும் வரிசையில் தமக்குப் பக்கத்தில் இருந்தவரையே சொன்னார்கள். மதமோ வயதோ ஒத்திருப்பதைவிட எழுத்தின் அருகாமைதான் நட்பைத் தீர்மானித்தது. எனக்கு இன்றும் வியப்பூட்டும் முடிவு இது.

அருகாமை எப்படி ஈர்ப்பாகிறது? திரும்பத் திரும்பப் பார்த்த முகத்தை மூளை சிரமமின்றி அடையாளம் காண்கிறது. அந்த எளிமையே இதமாகத் தோன்றுகிறது என்பது உளவியலாளர்கள் தரும் ஒரு விளக்கம். 1992இல் வெளியான ஓர் ஆய்வில், நான்கு பெண்கள் ஒரு வகுப்புக்கு முறையே 0, 5, 10, 15 தடவை வந்து, யாரோடும் பேசாமல் உட்கார்ந்து போனார்கள். பருவ முடிவில் படங்களைக் காட்டியபோது, அதிகம் வந்தவரே மாணவர்களை அதிகம் கவர்ந்தார்.

மருத்துவ மாணவர்களுக்கோ பயிற்சிக் காலத்தோடு ஐந்தரை ஆண்டுகள் அதே முகங்கள்! ஆனால் தொடக்கமே கசந்துவிட்டால், தினசரிச் சந்திப்பு வெறுப்பைத்தான் வளர்க்கும். அதனால் பேட்ச் மாற்றித் தரும்படி கேட்கும் மாணவியின் மனுவைக் கல்லூரிகள் தட்டிக்கழிக்கக் கூடாது.